முடி இறக்குவதற்கு முன் எடுத்த படம்

கப்பலில் வேலை பார்த்த என் தம்பி ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தபோது அந்தக் கேமராவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "அக்கா, இது எடுத்த எடத்துலயே படத்தக் குடுத்துரும். இனிமே ஸ்டுடியோவுக்கு நடக்க வேண்டியதில்ல" என்றான். நான் நம்பவில்லை. அதுவரை என்னிடம் இருந்தது கைப்பைக்குள் அடங்குகிற ஒரு சின்ன கேமரா. அதில் எடுத்தால் சுருள் தீரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு தருமபுரிக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பி, அங்கே கழுவி, அச்சுப் போட்டு வருவதற்குள் எதை எடுத்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கும்.

பென்னாகரத்தில் பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியை. வீட்டில் தையல் மெஷின் வாங்கச் சேர்த்ததில்தான் அந்தச் சின்ன கேமராவை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு கேழ்வரகுக் களம், ஆட்டுப்பட்டி, சந்தைத் திடல் என்று சுற்றுவேன். தெருவில் பெண்கள் என்னைக் கண்டதும், "டீச்சரம்மா வருதுடி, தலைய வாரிக்கங்க" என்பார்கள். ஒருத்தி, "எங்க வூட்டுக்காரர எடுக்காதீங்க டீச்சர், கண்ணாடி ஒடைஞ்சிரும்" என்பாள். அந்தச் சின்ன கேமராவில் எனக்குப் பிடித்தது, அது யார் கண்ணையும் உறுத்தாது என்பதுதான். ஆடு மேய்க்கிறவர் பீடி பற்றவைப்பதை அவருக்கே தெரியாமல் எடுத்துவிடலாம்.

தம்பி கொண்டுவந்தது அப்படியல்ல. துருத்தி போல முன்னால் நீளும். எடுத்து முடித்ததும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காகிதத்தைப் பிடித்து ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். இரண்டு தாள் ஒட்டிய ஒரு பொட்டலம் வெளியே வரும். உள்ளே மருந்துப் பசை. கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வெயில் நாளில் கொஞ்சம் குறைவாக, மார்கழிக் குளிரில் அக்குளில் இடுக்கிக்கொண்டு கொஞ்சம் அதிகமாக. கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. முன்னால் உரித்தால் படம் வெளுத்துவிடும். மறந்து நெடுநேரம் விட்டால் பசை காய்ந்து, உரிக்கும்போது முகத்தோடு பிய்ந்துவரும். சரியான நேரத்தில் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரித்தால், ஈரத்தோடு, பளபளவென்று, சற்று முன் நடந்தது அதற்குள் இருக்கும். கூடவே வரும் ஒரு குச்சியால் அதன்மேல் மருந்து தடவ வேண்டும். புளித்த வாடை அடிக்கும். அந்த வாடைகூட எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு குறை உண்டு. நெகட்டிவ் கிடையாது. உரித்த மறுபாதி பிசுபிசுத்துக் கிடக்கும். குப்பையில் போட வேண்டியதுதான். கையில் இருப்பது ஒரே படம். போனால் போனதுதான். அதனால்தானோ என்னவோ, அந்தப் படங்களை நான் நகை மாதிரி வைத்திருந்தேன். ஃபிலிமும் தம்பி கப்பலிலிருந்து வந்தால்தான் உண்டு. கண்டதையெல்லாம் எடுக்க மாட்டேன்.

கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து எங்களுக்குப் பிறந்தவள் என் மகள். ஒரே பிள்ளை. அவளுக்கு ஐந்து வயதில் விஷக் காய்ச்சல் வந்து, டாக்டரே எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசாத ஒரு வாரம் இருந்தது. தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர், புள்ள பிழைத்தால் ஒகேனக்கல்லில் அவளுக்கு முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிழைத்தாள். அடுத்த ஆடிப் பதினெட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. அதற்குள் அவளுக்கு முடி இடுப்பைத் தொட்டது. ஊரே கண்வைத்த முடி. அதை எடுப்பதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் பிள்ளை இருக்கிறாள், முடி வளரும். இறக்குவதற்கு முன் ஒரு படம், இறக்கிய பின் ஒரு படம். இரண்டுக்கு மட்டும் ஃபிலிம் மிச்சம் வைத்திருந்தேன்.

அன்றைக்குக் காலையிலேயே மலைப்பாதையில் பஸ்ஸுக்குள் நிற்க இடமில்லை. கர்நாடகப் பக்கம் நல்ல மழை என்பதால் ஆற்றில் தண்ணீர் சிவந்து, மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு போனது. பரிசல் விடவில்லை. தார் பூசிய பரிசல்களையெல்லாம் கரையில் கவிழ்த்து, பாறையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதும் பாதிதான் கேட்டது. கரை நெடுகிலும் கூட்டம். புதுத் தாலிக்கயிறு மாற்றுகிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மீன் பொரிக்கும் புகை. கீற்றுக் கொட்டகைக்குக் கீழே நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. மொட்டை போட்ட தலையெல்லாம் சந்தனம் பூசி, எங்கு பார்த்தாலும் மஞ்சள் தலைகள்.

கொட்டகைக்குள் போவதற்கு முன், ஒரு பாறையருகில் மகளை நிறுத்திப் படம் எடுத்தேன். இரட்டைச் சடை, சடை நுனியில் நானே கட்டிய அகலமான ரிப்பன், கனகாம்பரம், பூப்போட்ட பாவாடை. அவளும் சடைகளை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தாள். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். கண்ணுக்குள் இருக்கும் வெளிச்சப் புள்ளி வரை விழுந்திருந்தது. மருந்து தடவி, காய்ந்ததும் ஒரு அட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாவிதர் சடையை அவிழ்க்கவில்லை. "இப்படியே ஈரம் பண்ணிச் செரைச்சா சடை சடையாவே வந்துரும்மா, ஆத்துல வுட சௌரியம்" என்றார். ரிப்பனோடும் பூவோடும் இரண்டு சடைகளும் அப்படியே என் கணவர் கையில் வந்தன. அவர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு ஆற்றில் விட்டார். பிறகு கரையோரம், கையைப் பிடித்தபடியே, அவளைக் குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசினோம். பாவாடை நனைந்துவிட்டது. மாற்றுத்துணி மூட்டையின் அடியில் இருந்ததால் அப்போதைக்கு அவருடைய துண்டை இடுப்பில் வேட்டிபோலக் கட்டிவிட்டார். அவள் இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்தபடி இருந்தாள்.

"அம்மா, எப்ப மொளைக்கும்?"

"நீ ரெண்டாங் கிளாஸ் போறதுக்குள்ள."

"அதுவரைக்கும் ஸ்கூலுக்குப் போவ வேணாம்ல?"

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அவர், "சாமிக்குக் குடுத்ததுக்குச் சாட்சி வேணாமா, எடு" என்று சொல்லிவிட்டு, தேங்காய் பழம் வாங்கக் கடைப்பக்கம் போனார். அவள் ஒரு கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் நின்றாள். எடுத்தேன். பொட்டலத்தை இழுத்தேன். கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தக் கேமராவை எங்கே எடுத்தாலும் கூட்டம் கூடிவிடும். அன்றைக்கும் கூடியது. தோளோடு தோளாக என்னைச் சுற்றி நின்று என் கையில் இருந்த பொட்டலத்தையே பார்த்தார்கள்.

"என்னங்க இது, பூரிக்கட்டயில உருட்டுன மாதிரி வருது?"

"படமாம். உள்ள வெந்துக்கிட்டு இருக்குதாம்."

"ஏங்கம்மா, இதுல மொட்டயோட வருமா, முடியோட வருமா?" என்றார் ஒருவர். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். இன்னொருவர், "மொட்டயோட வந்தாப் பரவால்ல, இவரு வூட்டம்மா மாதிரி மொறச்சிக்கிட்டு வராம இருந்தாச் சரி" என்றார். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன்.

நேரம் ஆகிவிட்டது, உரிக்கலாம் என்று தலை நிமிர்ந்து, "பாப்பா, இங்க வா, பாரு" என்றேன். பாறையருகில் யாரும் இல்லை.

அப்பாவோடு போயிருப்பாள் என்று நினைத்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைப்பக்கம் நடந்தேன். அவர் தட்டில் தேங்காயோடு எதிரே வந்தார். தனியாக.

"பாப்பா எங்கங்க?"

"என்ன கேக்கற? உங்கிட்டதான வுட்டுட்டுப் போனேன்."

அந்தப் பதில் என் காதில் விழுந்ததும் உடம்பிலிருந்து சூடெல்லாம் பாதம் வழியாக இறங்கிப்போனது போல இருந்தது. தட்டு கீழே விழுந்தது. அவர் தண்ணீரை நோக்கி ஓடினார். நான் கரையோடு ஓடினேன். "பாப்பா! பாப்பா!" என்று கத்தினேன். அந்தக் கரையில் இருந்த பிள்ளைகள் எல்லாமே பாப்பாதான். பத்துப் பன்னிரண்டு முகங்கள் திரும்பின. ஒன்றும் என்னுடையது இல்லை. அவளுடைய பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லிக் கத்திப் பார்த்தேன். அருவிச் சத்தம் அதை வாங்கி விழுங்கிக்கொண்டது. பாறைக்குப் பாறை எட்டிப் பார்த்தேன். பாறை இடுக்குகளில் தண்ணீர் நுரைத்துச் சுழன்றது. ஒவ்வொரு இடுக்கிலும் குனியும்போது, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுவேனோ என்று கண்ணை ஒரு கணம் மூடி, பிறகுதான் திறந்தேன்.

யாரோ என்னைப் போலீஸ்காரரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்குக் கூட்டத்துக்காக வந்திருந்தவர். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பொறுமையான மனிதர்.

"அழுவாதீங்கம்மா. எத்தன வயசு? எப்படி இருக்கும், என்ன துணி? சொல்லுங்க."

பெற்ற பிள்ளையின் முகம் நினைவுக்கு வரவில்லை. நினைக்க முயன்றால் தண்ணீர்தான் தெரிந்தது. அப்போதுதான் அட்டைக்குள் இருந்த படம் ஞாபகம் வந்தது. எடுத்து நீட்டினேன். அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னேன். ரெட்டைச் சடை. ரிப்பன். பூப்போட்ட பாவாடை. கனகாம்பரம்.

"இது எப்ப எடுத்த படம்?"

"இன்னைக்கிங்க. இன்னைக்குக் காலையிலதான். இங்கயேதான்."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப நல்லதாப் போச்சு. எல்லாரும் அஞ்சு வருசத்துக்கு முந்தி எடுத்ததக் கொண்டாந்து குடுப்பாங்க. குடுங்கம்மா" என்று கையை நீட்டினார். எனக்கு அதை விடுவதற்கு மனம் வரவில்லை. அதற்கு நெகட்டிவ் இல்லை. அவள் கிடைக்கவில்லையென்றால், அந்தச் சிரிப்பும் அந்தச் சடையும் உலகத்தில் அந்த ஒரு தாளில்தான் இருக்கும். என் விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தன. அவர் மெதுவாக இழுத்து வாங்கிக்கொண்டார்.

படம் கரை முழுதும் போனது. அவர் உயர்த்திப் பிடித்துக் காட்டினார். கேட்டவர்கள் கைக்குக் கொடுத்தார். கூட்டம் பிள்ளையைத் தேடுவதற்குப் பதில் படத்தைப் பார்க்கத்தான் முண்டியடித்தது. "இன்னைக்குக் காலையில எடுத்ததாம்பா", "அதெப்படி இன்னைக்கு எடுத்து இன்னைக்கே வரும்?" என்று ஒரு பக்கம். "எவ்வளவு முடி பாரு, பாவம்" என்று ஒரு பக்கம். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒரு கிழவர், "படத்துல இவ்வளவு வெளிச்சமா வுழுந்த புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது, போ" என்று என் தலையில் கை வைத்தார். அவருக்கு நான் கும்பிடு போட்டேன்.

நடுவில் ஒருமுறை, "சடை போட்ட புள்ள ஒண்ணு கொட்டாய்க்குப் பின்னால நிக்குது" என்று சத்தம் வந்தது. ஓடினேன். நின்றிருந்தது வேறு பிள்ளை. அதன் தாய் என்னைக் கண்டதும் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த அணைப்பைப் பார்க்க முடியாமல் திரும்பினேன்.

பிறகுதான் அது நடந்தது. கீழ்ப்பக்கம், ஆறு குறுகிப் பாறைகளுக்குள் நுழைகிற இடத்தில், நீளக் கழியோடு பரிசல்காரர்கள் இருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கழியை எதிலோ கொடுத்து இழுத்தார். இழுத்ததைத் தூக்கிப் பிடித்தார். கறுப்பாக, நீளமாக, தண்ணீர் சொட்டியது. நுனியில் ரிப்பன். நடுவில் நசுங்கிய கனகாம்பரம்.

கரை அப்படியே அடங்கியது. அருவி மட்டும் கேட்டது. போலீஸ்காரர் கையில் இருந்த படத்தைப் பார்த்தார், சடையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அதே ரிப்பன். அவர் தொப்பியைக் கழற்றினார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பிடித்தாள். நான் விழவில்லை. அழவும் இல்லை. என் வாழ்க்கையில் அப்படியொரு அமைதியை அதற்கு முன்பும் பின்பும் நான் அறிந்ததில்லை. அது அமைதி இல்லை, என்னவென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"தலைய... ஒடம்பத் தேடுங்கப்பா" என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள்.

தலை என்ற சொல் காதில் விழுந்ததும், என் உள்ளங்கையில் ஏதோ வழவழவென்று ஊர்ந்தது. சந்தனம். நான் பூசிய சந்தனம். நகத்துக்குள் இன்னும் இருந்தது.

"மொட்ட!" என்று கத்தினேன். "அய்யோ, மொட்டைங்க! எம்புள்ளைக்கு மொட்ட போட்டாச்சுங்க! அது நாங்க ஆத்துல வுட்ட முடிங்க! எம்புள்ள மொட்டைங்க!"

புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். "ஆமாம்மா, ஆமா, உக்காரு" என்று ஒருத்தி என்னை அமுக்கினாள். அவளை உதறிவிட்டுப் போலீஸ்காரரிடம் போனேன். "அந்தப் படம் முடி இறக்கறதுக்கு முந்தி எடுத்ததுங்க. அப்புறம் மொட்ட போட்டு, சந்தனம் பூசி, அவங்கப்பா துண்டக் கட்டி நிக்க வச்சிருந்தோம்."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படவா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை.

"காலையில எடுத்ததுன்னு சொன்னீங்களேம்மா."

"காலையிலதாங்க எடுத்தேன்."

இப்போது எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கரையெங்கும் மஞ்சள் தலைகள். அழுகிற மொட்டை, பொரி தின்கிற மொட்டை, அப்பன் தோளில் தூங்குகிற மொட்டை. இவ்வளவு நேரமும் நாங்கள் அவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு, சடையை மட்டுமே தேடிக்கொண்டு ஓடியிருந்தோம்.

அப்போதுதான் இரண்டாவது படம் நினைவுக்கு வந்தது. உரிக்காத பொட்டலம் இன்னமும் என் இடுப்பில் செருகியபடி இருந்தது. எடுத்து அவசரமாகப் பிரித்தேன். பசை காய்ந்து போயிருந்தது. தோலை உரிப்பது போலச் சர்ரென்று கிழிந்தது. ஒரு தோளும், தலைமேல் வைத்த ஒரு கையும் வந்தன. முகம் மற்ற தாளோடு போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது? கீழே போட்டுவிட்டேன்.

அதற்குள் போலீஸ்காரர் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "துண்டு கட்டுன மொட்டயா? ஏம்மா, மேல மீன் கடையில ஒரு பையன் அழுதுக்கிட்டு உக்காந்திருக்கான்மா. நாந்தான் படத்தக் காட்டிக் கேட்டுட்டு வந்தேன். இல்லீங்க, இது பையன்னு சொல்லுச்சு அந்தம்மா."

அவர் சொல்லி முடிக்கும்வரை நான் நிற்கவில்லை. எங்கிருந்தோ என் கணவரும் வந்து சேர்ந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தார், முழங்காலில் ரத்தம். படிகளில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு ஏறினோம்.

மீன் கடை என்பது நான்கு கழியும் ஒரு கீற்றும்தான். அடுப்படியில் இருந்த பெண்ணுக்கு என் வயது இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சும் இந்தப் பக்கத்துப் பேச்சும் கலந்து பேசுகிறவள். எங்களைப் பார்த்ததுமே, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"கவுத்து வச்ச பரிசலுக்கு அடியில சுருண்டு கெடந்துச்சுங்க இந்த மகு, இந்தப் புள்ள. எங்க வூட்டுக்காரர்தான் இழுத்துக் கொண்டாந்தாரு. உம் பேரு என்னடா, அப்பன் பேரு என்னடான்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போனேன். டா போட்டுக் கூப்புட்டா இன்னும் ஜாஸ்தி அழுவுது. பன்னு குடுத்தா வேணாங்குது."

மூலையில், வலைக் குவியலுக்குப் பின்னால், சுவரில்லாத கடையில் சுவரைப் பார்ப்பது போல முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் கட்டிய துண்டின் மறுமுனையை மேலே இழுத்துத் தலையை மூடியிருந்தாள். சந்தனம் கழுத்தில் வழிந்து காய்ந்திருந்தது.

"பாப்பா" என்றேன்.

அவள் திரும்பவில்லை. நான் போய்த் தூக்கினேன். ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். விறைத்துப்போய் மரம் மாதிரி இருந்தாள். கடைக்காரப் பெண் பதறிப்போய், "அய்யய்யோ, பொட்டப்புள்ளயா? நா டா டான்னு கூப்புட்டேனே சாமி, பன்னு வேணாம்னு சொன்னது அதுக்குத்தானா" என்று தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் திரும்பி நின்றுகொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது காய்ச்சல் வாரத்தில்கூட இல்லை.

எல்லோரும் சிரித்தார்கள் என்று கூட்டத்தைவிட்டு ஓடினாளாம். மொட்டை தெரியாமல் இருக்கப் பரிசலுக்குக் கீழே நுழைந்தாளாம். இதெல்லாம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. அங்கே கடையில் வைத்தே, நான் கூப்பிட்டது கேட்டதா என்றேன். கேட்டது என்றாள். இந்தப் போலீஸ் மாமா படத்தோடு கடைக்கு வந்தபோது நீ இங்கேதான் இருந்தாயா என்றேன். இருந்தேன் என்றாள்.

"அப்புறம் ஏன்டி கண்ணு நாந்தான்னு சொல்லல?"

அவள் போலீஸ்காரர் பையில் இருந்து எட்டிப் பார்த்த படத்தைக் கண்ணால் காட்டினாள்.

"அந்தப் புள்ளயத்தான் தேடறாங்கன்னு சொன்னாரு. முடி இருக்கற புள்ள." மெதுவாகச் சொன்னாள். "நா அந்தப் புள்ள இல்லியே."

கடைக்காரப் பெண் அடுப்பில் கருகும் மீனைத் திருப்ப மறந்து நின்றாள். போலீஸ்காரர் படத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்க எனக்குக் கை வரவில்லை. என் கணவர்தான் வாங்கினார். நான் அவள் தலையை மூடியிருந்த துண்டை விலக்கினேன். அவள் இரண்டு கையாலும் மறைக்கப் பார்த்தாள். விடவில்லை. அந்தத் தலையில், சந்தனமும் மீன் புகையும் கலந்த அந்த வழவழப்பில், முத்தமிட்டேன். எத்தனை என்று தெரியாது. பிறகுதான் அவள் உடம்பு இளகியது. பிறகுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்து பல நாள் நான் எந்தக் கேமராவையும் தொடவில்லை. பிறகு தொட்டேன். பொய் சொல்லக் கூடாது, படம் எடுக்கும் ஆசை என்னை விட்டுப் போகவில்லை. கப்பலில் இருந்து வரும்போதெல்லாம் தம்பி ஃபிலிம் கொண்டுவருகிறான். களத்தையும் சந்தையையும் எடுக்கிறேன். ஆனால் பொட்டலத்தை இழுத்த பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. வாயால் எண்ணிக்கொண்டே சுற்றிலும் பார்க்கிறேன். அதனால் என் படங்கள் பாதிக்குப் பாதி வெளுத்தோ கறுத்தோ போகின்றன. போகட்டும்.

போகாதது வேறு ஒன்று. மகள் இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். முடி மறுபடியும் இடுப்புக்கு வந்துவிட்டது. தினமும் காலையில் அவள் வாசலைத் தாண்டும்போது என் கண் தானாக அவளை மேலிருந்து கீழே படிக்கும். என்ன தாவணி, எந்தப் பக்கம் வகிடு, செருப்பின் வார் என்ன நிறம், பையில் எந்தப் பக்கம் தையல் விட்டிருக்கிறது. யாராவது கேட்டால் சொல்ல வேண்டும். அன்றன்றைக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும். போன மாதம் தருமபுரியில் விளையாட்டுப் போட்டிக்குப் போனவள் வரவேண்டிய பஸ்ஸில் வரவில்லை. டயர் பஞ்சராகி அடுத்த பஸ்ஸில் வந்தாள். அதற்குள் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் அவளுடைய அடையாளத்தை நான் முழுதாகச் சொல்லி முடித்திருந்தேன். அவர், "ஏன் டீச்சர், போட்டோவே வேணாம் போலிருக்கே" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அடுத்த பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலையும் படி இறங்கப் போனவள் நின்று திரும்பினாள்.

"என்னம்மா அப்பிடிப் பாக்கற? மனப்பாடம் பண்றியா?"

"இல்லடி, சும்மா."

"சாய்ந்தரம் தலைய அவுத்து வேற பின்னல் போட்டுக்கிட்டு வருவேன், பாத்துக்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.